நட்சத்திரம் போட்டது யார்?

நாக்பூரில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு செல்போனில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 71. மனைவியின் இரண்டு முழங்கால்களுக்கும் அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்தாகிவிட்டது. பக்கத்து அறையில் தூங்கும் மகனுக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். குளிப்பாட்ட வேண்டும், சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டும். பேசத் தெரிந்தது பத்துப் பதினைந்து வார்த்தைகள். "நமக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற கேள்வியை இருபது வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்தவர், இப்போது ஒரு இல்லத்தைத் தேடியாக வேண்டும்.

முதலில் கண்ணில் பட்ட இல்லத்துக்கு 5க்கு 4.8. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அபிப்ராயம் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தார். "மகளின் பிறந்தநாளுக்கு இங்கே மதிய உணவு வழங்கினோம், மனதுக்கு நிறைவாக இருந்தது." "இந்தக் குழந்தைகளின் சிரிப்பைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்." படத்தில் இருந்த 'குழந்தைகள்' பலருக்குத் தலை நரைத்திருந்தது. சமூக சேவை நாளுக்கு வந்த கல்லூரி மாணவர்கள், போர்வை கொடுத்த கம்பெனிக்காரர்கள் என்று எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோரும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனவர்கள். இரவு ஒன்பது மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

ஒரே ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். லீவுக்கு வீட்டுக்கு வந்த மகனின் முதுகில் தடிப்புகள் இருந்ததாகவும், கேட்டதற்குப் பதில் இல்லை என்றும் ஒரு தாய் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிர்வாகத்தின் பதில்: "உண்மைக்குப் புறம்பானது." யாரை நம்புவது?

பிள்ளைகளை அங்கே விட்டிருக்கும் மற்ற பெற்றோர் ஏன் எழுதவில்லை? காரணம் எளிது. குறை சொன்னால் அந்தக் கோபம் பிள்ளைமேல் திரும்புமோ என்ற பயம். "நாளைக்கே கூட்டிப்போங்கள்" என்றால் வேறு போக்கிடம் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். விருந்தாளிகள் நட்சத்திரம் போடுகிறார்கள். அங்கேயே வாழ்கிறவர்களை யாரும் கேட்பதில்லை.

அரசே மதிப்பெண் போட்டால் பிரச்னை தீராதா? இங்கிலாந்து போட்டுப் பார்த்தது. (நம்மிடம் 'கற்றல் குறைபாடு' என்றால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். அங்கே அந்தச் சொல் அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கிறது.) 2011இல் பிரிஸ்டல் நகருக்கு அருகே 'விண்டர்போர்ன் வியூ' என்ற தனியார் மருத்துவமனையில் நோயாளிகளை அடித்து உதைப்பதை பிபிசி ரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. அதற்கு முன்பே அங்கு வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தகவல் கொடுத்திருந்தார், ஆணையம் அசையவில்லை. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் ஆறு பேருக்குச் சிறை.

2014இல் ஆணையம் பகிரங்கமாக மதிப்பீடு போட ஆரம்பித்தது. 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்று நான்கு படிகள். பாதுகாப்பு உண்டா, கவனிப்பு பலன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, அவரவர் தேவைக்கேற்ப நடந்துகொள்கிறார்களா, நிர்வாகம் சரியா என்று ஐந்து கேள்விகள். கிடைத்த மதிப்பீட்டை எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைக்க வேண்டும். குறைபாட்டோடு வாழ்பவர்களும் அவர்களைப் பராமரித்த அனுபவம் உள்ளவர்களும் ஆய்வுக்குக் கூடவே போகிறார்கள்.

அப்படியும் தப்பியது. டர்ஹம் மாவட்டத்தின் 'வோர்ல்டன் ஹால்' மருத்துவமனைக்கு 2017இல் கிடைத்த மதிப்பீடு 'நன்று'. 2019 மே மாதம் மீண்டும் பிபிசியின் ரகசியக் கேமரா. ஊழியர்கள் நோயாளிகளைக் கேலி செய்ததையும் மிரட்டியதையும் நாடே பார்த்தது. 2015இலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. அந்த அறிக்கையை ஆணையம் அப்போது வெளியிடவில்லை என்பதும் தெரியவந்தது. 2023இல் நான்கு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆய்வுக்காரர்கள் வரும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். சொல்ல வாய் இல்லாதவர்கள் வாழும் இடத்தில் 'நன்று' என்ற சொல்லுக்குப் பின்னால் எதையும் ஒளித்துவைக்கலாம்.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களுக்காக இல்லம் நடத்துபவர்கள் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. சான்றிதழ் கதவைத் திறக்க உதவும். உள்ளே எப்படி என்று சொல்லாது. பெற்றோர் எடுத்துப் பார்க்க இங்கிலாந்தைப் போல நாடு முழுவதற்குமான மதிப்பீட்டுப் பட்டியல் கிடையாது. அதனால்தான் செல்போன் நட்சத்திரம்.

நாக்பூர்க்காரர் நேரில் போனார். மகனையும் அழைத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல், மாலை ஏழரை மணிக்கு. 4.8 வாங்கிய இல்லத்தில் "பார்வை நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு" என்றார் வாட்ச்மேன். மன்றாடி உள்ளே போனால் தரை பளபளவென்று இருந்தது. இரவுச் சாப்பாடு ஐந்தரை மணிக்கே முடிந்துவிட்டதாம். விளக்கணைத்த ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை. துணிகள் ஒரே குவியலாகக் கிடந்தன, யாருடையது எது என்று தெரியாமல். யாரும் யாரையும் அடிக்கவில்லை. மகன் மட்டும் அப்பாவின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு "வீடு, வீடு" என்றான்.

இன்னொரு இல்லத்துக்கு மூன்றே மூன்று அபிப்ராயங்கள்தான். வாடகை வீடு, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. எட்டுப் பேர். ஒருவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தன் அலமாரியைத் திறந்து தன் சட்டைகளைக் காட்டினார். மூன்றாமவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகன் அதில் உட்கார்ந்து "டீ" என்றான்.

அன்றைக்கே அவர் முடிவெடுக்கவில்லை. ஊழியர்கள் குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போனார். இரவு ஒருமுறை போனார். அங்கே பிள்ளையை விட்டிருந்த ஒரு தாயிடம் பேசினார். பிறகுதான் சேர்த்தார்.

மூன்று மாதம் கழித்து செல்போனை எடுத்து அபிப்ராயம் எழுத உட்கார்ந்தார். "சாப்பாடு இரவு எட்டு மணிக்கு. மகன் அவனுடைய சட்டையையே போட்டுக்கொள்கிறான். எந்த நேரம் போனாலும் கதவைத் திறக்கிறார்கள். இரவில் எட்டுப் பேருக்கு ஒரே ஒரு ஊழியர். இது போதாது, இரண்டு பேர் வேண்டும்."

கடைசி வரியை எழுதியதும் கை நின்றது. மகன் இப்போது அங்கே இருக்கிறான். மற்ற பெற்றோர் ஏன் எழுதவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அழித்தார். மீண்டும் எழுதினார், மீண்டும் அழித்தார். மூன்றாம் முறை எழுதியதை அப்படியே விட்டுவிட்டார்.