மிளகின் எடை குறித்து

நாமக்கல்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதிலிருந்து மனசு உன் கினி பிக் மிளகு பக்கமே இருக்கிறது. "நல்லாத்தான் திங்கிறான் சித்தி, ஆனா எடை மட்டும் இறங்கிக்கிட்டே வருது. மூத்திரம் போகும்போது கீச்சுனு கத்துறான்" என்றாய். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சிறுநீர்ப்பைக் கல் மேல்தான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கும் பாட்டிக்கும் படித்துக் காட்டு.

முதலில் எடை. 1040 கிராம் இருந்தவன் மூன்று வாரத்தில் 930 என்றாய். நமக்கு நூறு கிராம் ஒன்றுமில்லை. அவனுக்கு அது உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். கினி பிக் காட்டில் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தில் வந்தது. நோயை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக் குணம். தட்டருகே போய் நிற்கும், புல்லை வாயில் வைத்து அசைக்கும், பார்ப்பவர்களுக்குத் தின்பது போலவே இருக்கும். அது நிஜமாகத் தின்கிறதா என்பதைத் தராசு ஒன்றுதான் சொல்லும். மிளகும் அவன் துணை கடுகும் ஒரே தட்டில் தின்பதால், தட்டு காலியானதை வைத்து யார் தின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், இரண்டு பேரையும் சமையலறைத் தராசில் நிறுத்து. இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது சகஜம். ஐம்பது அறுபது குறைந்தால் தினமும் எடை பார்க்க வேண்டும். நூறு குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மிளகு அந்த இடத்தில்தான் இப்போது இருக்கிறான்.

கல் எப்படி வருகிறது என்று நீ கேட்கலாம். நம் உடம்பு தேவைக்குத் தக்கபடிதான் உணவிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கினி பிக்கின் குடல் அப்படியில்லை. தின்றதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும், தேவைக்கு மிஞ்சியதை உடம்பு சிறுநீரில் தள்ளும். புல் தின்னும் பிராணி என்பதால் அதன் சிறுநீர் காரத்தன்மை உள்ளது. காரத்தில் கால்சியம் சீக்கிரம் படியும். அதனால்தான் அது சிறுநீர் கழித்த இடம் காய்ந்ததும் வெள்ளைப் பொடி தெரிகிறது. லேசான பொடி இருந்தால் பயமில்லை. விரலில் தேய்த்தால் மணல் போல நறநறவென்றிருந்தால் கால்சியம் மிஞ்சிப்போகிறது என்று அர்த்தம். கூண்டில் தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து விரித்து வை. இளஞ்சிவப்பாகவோ துருநிறத்திலோ கறை தெரிந்தால் அந்தத் துணியையே டாக்டரிடம் எடுத்துப் போ.

எங்கள் வீட்டுக் கினி பிக் வெல்லத்துக்கு இந்தக் கல் வந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதுகை வளைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி, அசையாமல் நிற்பாள். ஒரு கீச்சல். துணியில் சொட்டு மட்டும் விழும். அடிவயிற்று முடி எப்போதும் ஈரமாக இருக்கும். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்புக்கு முன்னால் வட்டமாக, எலும்பைவிட வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வெளியே எடுத்தபோது பட்டாணி அளவு, மேலெல்லாம் சொரசொரப்பு. அது உள்ளே உரசிக்கொண்டிருக்கும்போது எந்த உயிருக்குத்தான் சாப்பாடு இறங்கும்? வலியால் தீனி குறைகிறது, தீனி குறைந்தால் குடல் ஓட்டம் நின்றுபோகிறது, மெல்லாததால் ஓயாமல் வளரும் பற்கள் தேயாமல் நீண்டு, அப்புறம் விரும்பினாலும் தின்ன முடியாமல் போகிறது. எடை இறங்குவது இப்படித்தான்.

பாட்டி வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார் என்றாய். பாட்டியின் அக்கறை எனக்குத் தெரியும், ஆனால் வேண்டாம். மனிதர்களுக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கல். கினி பிக்குக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதேதான். அதைச் சாறும் கரைக்காது, மாத்திரையும் கரைக்காது. பெண் என்றால் சின்னக் கல் தானாக வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. மிளகு ஆண், சிறுநீர்க்குழாய் நீளம், குறுகல். கல் அதில் மாட்டிச் சிறுநீர் நின்றுவிட்டால் இரவென்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நாளைக் காலையிலேயே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, முயல், கினி பிக் பார்த்துப் பழகிய டாக்டரிடமோ போ. கடுகையும் கூடவே கூட்டிப் போ. துணை இருந்தால் அவனுக்குப் பயம் குறையும். எக்ஸ்ரே எடுக்கக் கேள். இந்தக் கல் எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். கல் இல்லையென்றால் பல்லைப் பார்க்கச் சொல். கடைவாய்ப் பல் வளர்ந்திருந்தாலும் எடை இப்படி இறங்கும். இதை மட்டும் மறக்காதே: நாய்க்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தைக் கினி பிக்குக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலின் நல்ல பாக்டீரியா செத்து, நஞ்சு பரப்பும் கிருமி பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் தயங்காமல் கேள். ஆபரேஷன் என்று முடிவானால் முந்தின இரவே பட்டினி போடாதே. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினிதான் அதற்குக் கெடுதல். எவ்வளவு நேரம் முன்பு தீனியை நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்.

அதுவரை அவன் வயிறு காலியாக இருக்கக் கூடாது. பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து, கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. மல்லாத்திப் பிடிக்காதே, புரையேறிவிடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

இனி தீனி. நீ கிலோ கணக்கில் வாங்கிப் போடும் குதிரைமசால் மாட்டுக்கும் வளரும் குட்டிக்கும் நல்லது. ஆறு மாதம் தாண்டிய கினி பிக்குக்கு அதில் கால்சியம் மிக அதிகம். சாதாரணப் புல்லைப் போல இரண்டு மூன்று மடங்கு. இறக்குமதியாகும் டிமோத்தி புல் விலை கூடுதல்தான், முடிந்தவரை வாங்கு. மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல்லைக் கழுவிக் கொடு. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் வேண்டவே வேண்டாம். வெள்ளரிக்காய் கொடுக்கலாம், தண்ணீரும் சேரும். நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது, அதனால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கட்டாயம். குடிநீரை மூடி போட்ட பாட்டிலிலும் கிண்ணத்திலும் வை. நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்து, படிவது குறையும்.

கல்லை எடுத்தபின்னும் திரும்ப வரலாம். வெல்லத்துக்கு வந்தது. அதனால் வாராந்திரத் தராசை அவன் இருக்கும்வரை விடாதே.

நாளைக்கு டாக்டரைப் பார்த்ததும் எக்ஸ்ரேயைப் படம் எடுத்து அனுப்பு. செலவைப் பற்றி யோசிக்காதே, சித்தி இருக்கிறேன். இன்னொரு வாரம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே, நாளைக்கே போ.

அன்புடன்,
சித்தி