தாத்தா தலைக்கு மேல குமிழ் இல்லை!

சிவகாசின்னு சொன்னதும் உங்களுக்கு லட்சுமி வெடிதான் ஞாபகம் வரும். ஒரு வருஷமா எனக்கு ஞாபகம் வர்றது பீரங்கி டாங்கி! நிஜ டாங்கி இல்லீங்க. ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு அளவுல பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யற ஸ்கேல் மாடல். நிஜத்துல 35 மில்லிமீட்டர் இருக்கறது இதுல ஒரே ஒரு மில்லிமீட்டர். 'பொம்மை வெச்சு விளையாடுறான்'னு கிளாஸ்ல செம கலாய். கலாய்க்கிறவங்க ஒரு நாள் உப்புத்தாளைப் பிடிச்சுப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

இந்த வேலையில இறங்கினதுக்குக் காரணம் என் தாத்தா. 1971 போர்ல டி-55 டாங்கியில லோடர். அந்த டாங்கியில நாலு பேர். டிரைவர், கன்னர், கமாண்டர் மூணு பேரும் இடது பக்கம். லோடர் மட்டும் வலது பக்கம் தனியா. 100 மில்லிமீட்டர் பீரங்கிக்கான குண்டு ஒண்ணு சுமார் 30 கிலோ. குலுங்கிக்கிட்டே ஓடுற இரும்புப் பெட்டிக்குள்ள அதைத் தூக்கித் தூக்கிப் போடணும். ஜிம்முக்குப் பணம் கட்டுற நண்பர்கள் கொஞ்சம் யோசிங்க! இப்போ சுகர்ல தாத்தாவுக்குப் பார்வை முக்கால்வாசி போயிடுச்சு. "எங்க வண்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்யா"ன்னார். அவ்வளவுதான் கேட்டார்.

டாமியா கம்பெனியோட டி-55ஏ கிட் அருமையா இருக்கும். ஆனா அந்த 'ஏ' தான் சிக்கல். அது கதிர்வீச்சுத் தடுப்பு வெச்சுப் பின்னாடி வந்த மாடல், மேல்மூடியெல்லாம் தடிமனா இருக்கும். தாத்தாவோடது பழைய சாதா டி-55. அதனால 'இந்தியா 1971'னு லேபிள் ஒட்டி வேற ஒரு கம்பெனி வித்த ரெசின் செட்டை வரவழைச்சேன். மேல் கூண்டும் குழலும் மட்டும் வரும், கிட்ல இருக்கறதைத் தூக்கிட்டு இதை வெச்சுக்கலாம். கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க.

பார்சல் வந்தது அக்னி நட்சத்திரத்துல. நம்ம விருதுநகர் வெயில்ல கூரியர் வேன்ல கிடந்த பீரங்கிக் குழல் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருந்தது. இது சுலபம். கொதிச்சு இறக்கின தண்ணியில ஒரு நிமிஷம் போட்டா ரெசின் இளகும். கண்ணாடிப் பலகை மேல உருட்டி நேராக்கி, உடனே பச்சைத் தண்ணியில போட்டா அப்படியே நிக்கும். அடுத்து கூண்டு. டி-55 கூண்டு உட்கார்ற வளையம் 1825 மில்லிமீட்டர், 35ஆல வகுத்தா 52. இதுல 51 கூட வரலை. ரெசின் இறுகும்போது சுருங்கும். ஒரு வார்ப்பைப் பார்த்து இன்னொரு வார்ப்பு எடுத்தா இன்னும் சுருங்கும். ஓரத்துல பேப்பர் ஒரு சுத்து ஒட்டினதும் ஆட்டம் நின்னுடுச்சு.

இதெல்லாம் சில்லறைக் குறை. பெரிய குறையைக் கண்டுபிடிச்சது தாத்தா. பெயின்ட் அடிக்காத கூண்டைக் கையில வாங்கி விரலால தடவினவர், வலது பக்க மூடிக்கு முன்னாடி நின்னுட்டார். "ஏய்யா, என் தலைக்கு முன்னால இந்தக் குமிழ் கிடையாதே!" புத்தகத்தைப் புரட்டினா, அவர் சொன்னது அச்சு அசல். காளான் மாதிரி அந்தக் காற்றுப்போக்கி மூடி டி-54க்கு உண்டு, டி-55க்குக் கிடையாது. டி-54 வழியில சீனா செஞ்ச டைப் 59க்கும் உண்டு. 1971ல பாகிஸ்தான் கையில இருந்தது அந்த டைப் 59. தூசியில தூரத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி! நம்மாளு நம்மாளையே சுட்டுடக் கூடாதுன்னு நம்ம டாங்கிகளோட குழல் நடுவுல ஒரு போலிப் புடைப்பை மாட்டினாங்க. அந்தக் காலப் போட்டோக்கள்ல பார்க்கலாம். குழல் நுனியில இருக்கறது புகை வெளியேத்துற நிஜப் புடைப்பு, நடுவுல இருக்கறது சும்மா அடையாளத்துக்கு. அந்தப் போலிதான் செட்ல இல்லவே இல்லை. 'இந்தியா'னு எழுதி எதிராளி டாங்கியை வித்திருக்காங்க. அப்படியே ஒட்டியிருந்தா தாத்தா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்னு யோசிங்க!

குமிழை ரம்பத்தால அறுத்தேன். உள்ளே கடுகு மாதிரி காற்றுக் குமிழிகள். அரால்டைட்டுல குட்டிக்கூரா பவுடரைக் குழைச்சு அடைச்சு, 400, 600, 1000னு உப்புத்தாள் போட்டேன். இங்கே ஒண்ணு முக்கியம் பாஸ். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும், முகமூடியும் வேணும். தேய்ச்சு முடிச்சா கூண்டு மொட்டைத்தலை மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. நிஜக் கூண்டு வார்ப்பு எஃகு, சொரசொரன்னு இருக்கும். தாத்தாவுக்கு அதுதானே தெரியணும்? தின்னர்ல கரைச்ச பட்டியைப் பழைய டூத் பிரஷ்ஷால குத்திக் குத்தி சொரசொரப்பைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

போலிப் புடைப்புக்கு சிவகாசி அத்தை வீட்டுக்கு பஸ் ஏறினேன். பட்டாசுக்கு மருந்து இல்லாத வெறுங்குழாய் சுத்தித் தர்றதுல அவங்களுக்கு இருபது வருஷ அனுபவம். நான் உப்புத்தாளை எடுத்ததுமே முகம் மாறிடுச்சு. உரசுற சாமான் எதுவும் அவங்களுக்கு ஆகாது. "அதை மொதல்ல பைக்குள்ள வையி"ன்னாங்க. ஆஃப்செட் அச்சகத்துல வெட்டிப்போட்ட லேபிள் தாளை மெல்லிசா நறுக்கி, பசை தடவி, குழல் மேல விரல் நுனியால உருட்டினாங்க. ஏழு சுத்து. ஓரம் எங்கே முடியுதுன்னு எனக்கே தெரியலை. நான் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸையும் வெர்னியரையும் எடுத்துட்டுப் போனது வேஸ்ட். காய்ஞ்சதும் ஃபெவிக்விக்கை ஊறவிட்டேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு.

பெயின்ட் அடிச்சு தாத்தா மடியில வெச்சேன். விரல் வலது பக்க மூடிக்குப் போச்சு, முன்னாடி தடவிச்சு, ஒண்ணும் இல்லை. குழலைப் பிடிச்சுக்கிட்டே போய் நடுவுல நின்னார். "இது டூப்பு." நுனிக்குப் போய், "இது அசல்." ரொம்ப நேரம் பேசலை. கன்னரோட ஊர், கமாண்டரோட ஊர் எல்லாம் சொன்னார், அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்லாத பேர்கள். அப்புறம் திரும்பவும் அந்த மூடியைத் தட்டினார்.

"இது தொறந்தே இருக்கணும்யா. உத்தரவு வந்தாலொழிய நான் மூடினதே இல்ல."

மூடி கூண்டோட ஒரே வார்ப்பு. சுத்திவர அறுத்து எடுக்கணும், உள்பக்கம் குடையணும். மெல்லிசான ரம்ப பிளேடுக்கு ஆர்டர் போட்டாச்சு. இந்த பார்சல் கார்த்திகையில வருது, வளையாது.