குன்னூரில் ஒரு சீரியஸ் 'கடி'!

குன்னூர்னு சொன்னதும் உங்க கேங்குக்கு என்னென்ன ஞாபகம் வரும்? மலை ரயில், டால்பின் நோஸ், சிம்ஸ் பார்க், டீயோட சூடா ஒரு வர்க்கி. ஓ.கே! சிம்ஸ் பார்க்கில் போட்டோ எடுத்து முடிச்சதும் அப்படியே எதிர்ப்பக்கம் ஒரு லுக் விடுங்க. பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் தெரியும். நாய்க்கடிக்காகவே உருவான இடம்!

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1902-ல் ஆங்கிலேயப் பெண் ஒருவர் இங்கே வெறிநாய்க்கடியில் இறந்துபோனார். அப்போ சிகிச்சை வேணும்னா இமயமலைப் பக்கம் இருக்கிற கசௌலிக்குத்தான் ஓடணும். தெற்கே கடிபட்டவன் ரயிலேறி வடக்கே போய்ச் சேர்றதுக்குள்ளே..? அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடை கைகொடுக்க, 1907-ல் குன்னூர் மையம் திறக்கப்பட்டது.

அந்தக் கால மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. 'தொப்புளைச் சுத்தி ஊசி'னு நம்ம தாத்தா, பாட்டி பயமுறுத்துவாங்களே, அந்த ஊசிதான்! இப்போ லேபில் வளர்க்கும் செல்களிலிருந்து தடுப்பூசி தயாராகுது. ஊசியும் கையில்தான்.

கேன்டீனில் நாய்ப் பேச்சு வந்தா, 'பிட்புல்லா, ராட்வீலரா, எது டேஞ்சர்?'னுதான் பட்டிமன்றம் நடக்கும். 2024 மார்ச்சில் 23 இன நாய்களுக்குத் தடை போடச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினப்போ, விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு. பெரிய தாடை பெரிய காயம் போடும், வாஸ்தவம்தான். ஆனா, ரேபிஸ் வைரஸ் இனம், ஜாதி பார்க்காது பாஸ்! ஹாஸ்டல் வாசலில் உங்ககிட்ட பிஸ்கட் வாங்கித் தின்னும் குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருக்கா? அதுதான் முதல் கேள்வி.

கடிச்சாலும் சரி, பல்லோ நகமோ லேசா கீறினாலும் சரி, ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. ரத்தக்காயம்னா தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ஒரு ஊசியோட எஸ்கேப் ஆகாம, டாக்டர் சொன்ன தேதிகளில் மிச்ச ஊசிகளையும் போட்டுக்கணும். நோய் அறிகுறி தெரிய ஆரம்பிச்சிட்டா, காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

1902-ல் தெற்கே எங்கேயும் கிடைக்காத ஊசி, இன்னிக்கு உங்க ஊர் ஜி.ஹெச்-சிலேயே இலவசம். அப்புறமென்ன தயக்கம்? ஆட்டோவைப் பிடிங்க!