மழைக்குத் தாங்குமா?

எங்கள் தெருவில் பழைய வீடுகளுக்கெல்லாம் இரண்டு சமையல் இடங்கள். உள்ளே ஒன்று, கொல்லையில் ஒன்று. உள்ளே இருப்பதில் மீனும் கறியும் மட்டுமல்ல, முட்டைகூட நுழையாது. சாமி படம் அங்கேதான் இருக்கிறது, கிருத்திகைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதும் அங்கேதான். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிமென்ட் மேடை, அதன்மேல் ஓர் அடுப்பு, பக்கத்தில் கவிழ்த்து வைத்த கறிச்சட்டி, அதற்கென்றே தனிக் கரண்டி. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, அமாவாசை போக மிச்சமுள்ள நாள்களில் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தால் கறி வேகும். மலைமேல் முருகன் இருக்கும் எங்கள் திருத்தணியில் அசைவம் சாப்பிடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தில் சமைப்பதைப் புதிய நாகரிகமாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

உள்ளே புது அடுப்பு வந்தால் பழையது கொல்லைக்குப் போகும். விறகு போய் மண்ணெண்ணெய் வந்தபோதும், மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்தபோதும் அப்படித்தான். இண்டேன் சிலிண்டர் 1965-ல் கல்கத்தாவில் முதல் வீட்டுக்குப் போனது. எங்கள் பக்கத்துச் சின்ன வீடுகளுக்கு அது வந்துசேரப் பல வருடங்கள் ஆயின. 2006-ல் வந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. அந்த அடுப்புகளில் சில இன்றும் கொல்லைகளில் கறி வேகவைத்துக்கொண்டிருக்கின்றன. கொல்லைக்கென்றே கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குவது எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத ஆடம்பரம்.

அந்த ஆடம்பரத்தைக் கிளப்பிவிட்டவன் என் அண்ணன் மகன். டெக்சாஸில் வேலை. "அத்தை, இவ்வளவு பெரிய கொல்லைய வச்சுக்கிட்டு இன்னும் சட்டியிலேயே வறுத்துக்கிட்டு இருக்கீங்களே, ஒரு கேஸ் கிரில் வாங்குங்க" என்று போனில் சொன்னான். தன் வீட்டுத் தோட்டத்தில் இருப்பதைப் படம் எடுத்தும் அனுப்பினான். மூடி போட்ட பெரிய பெட்டி, அடியில் கதவு, பக்கத்தில் மடக்கும் பலகை. என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை.

படத்தை வாங்கிப் பார்த்த என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் பிறந்த ஊர் நகரி. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, ம.பொ.சி. போன்றவர்கள் அதற்காகப் போராடிய கதையெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லைக் கோடு போட்டபோது அவர் பிறந்த ஊர் ஆந்திராப் பக்கம் நின்றுவிட்டது. முக்கியமான விஷயம் என்றால் இன்றும் தெலுங்கில்தான் வாய் திறப்பார். "இதி வானகி தட்டுகுண்டுந்தா?" என்றார். மழைக்குத் தாங்குமா?

கடைக்காரர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்கவில்லை. எத்தனை பர்னர், எத்தனை பி.டி.யு., எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று கேட்டால் பதில் மளமளவென்று வருகிறது. பி.டி.யு. எண்ணைப் பெட்டிமேல் பெரிதாக அச்சிடுகிறார்கள். அது அடுப்பு மணிக்கு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது. கறிக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதைச் சொல்வதில்லை. 30,000 பி.டி.யு. என்றால் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 700 கிராம் கேஸ். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் இருபது மணி நேரத்தில் காலி. தகடு மெல்லிசாக இருந்து மூடி சரியாக உட்காராவிட்டால் அதில் பாதி கொல்லைக் காற்றுக்குத்தான் போகும். எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க இதில் எதுவும் இல்லை.

இந்தப் பொருளின் பூர்வீகம் அமெரிக்கா. 1952-ல் சிகாகோவில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைக்காகச் செய்த உருண்டையைப் பாதியாக்கி, மேல் பாதியை மூடியாக்கினார். அதுதான் வெபர் கரி அடுப்பு. காற்றையும் மழையையும் தடுக்கத்தான் அந்த மூடி பிறந்தது. 1960-களில் ஆர்கன்சாஸ் பக்கத்து கேஸ் கம்பெனிக்காரர்கள் கரிக்குப் பதில் கேஸைக் கொண்டுவந்தார்கள். அங்கே இருப்பதை அப்படியே கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவரலாமா என்றால் கூடாது. அங்கத்திய சிலிண்டர் வாய் திருகுமரை. நம்முடையது ரெகுலேட்டரை அழுத்தி மாட்டும் 22 மில்லிமீட்டர் வாய். அங்கே கொல்லைச் சிலிண்டரில் புரோபேன். நமக்கு வருவது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. குழாய் கேஸுக்கென்று செய்த அடுப்பானால் ஜெட் துளையே வேறு அளவு. நம் சிலிண்டரை மாட்டினால் தீ மஞ்சளாக எகிறும். அண்ணன் மகன் அனுப்பி வைக்கிறேன் என்றபோது வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம். கஞ்சத்தனம் என்று அவன் நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

திருத்தணியில் இது கிடைக்காது. இங்கே கிரில் என்றால் சென்னை–திருப்பதி சாலைக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றும் கோழி. மயோனைஸோடு பொட்டலமாகக் கிடைக்கும். அதனால் சென்னைக்குத்தான் போனோம். வீட்டுக்காரர் சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டை வைத்துக்கொண்டார்.

காந்தம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கடைக்காரர் எல்லாவற்றையும் எவர்சில்வர் என்றுதான் சொல்வார். எவர்சில்வரில் சாதி உண்டு. 304 என்பதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 430 என்பதில் குரோமியம் இருக்கும், நிக்கல் கிடையாது. விலை குறைவு, வெளியில் வைத்தால் சீக்கிரம் துருப் பொட்டு விழும். 430-ல் காந்தம் பச்சென்று ஒட்டும், 304-ல் ஒட்டாது. அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. 201 என்று ஒன்று உண்டு. நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைப் போட்டது. அதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பும் ஈரமும் பட்டால் 304 அளவுக்குத் தாங்காது. காந்தம் கெட்டதில் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும், இன்னொன்றைத் தப்பவிட்டுவிடும். அதற்குப் பதிலைப் பில்லில் கேட்டு வாங்க வேண்டும். "304-னு பில்லுல எழுதித் தருவீங்களா?" என்றேன். ஒரு கடையில் "அதெல்லாம் வழக்கமில்லம்மா" என்றார்கள். நாங்கள் படி இறங்கினோம்.

பளபளப்பான மூடியைப் பார்த்து விலை கொடுப்பது, மணப்பெண்ணின் புடவையைப் பார்த்துச் சம்பந்தம் பேசுவது மாதிரி. முதலில் சாவது மூடி அல்ல, பர்னர். தீயும் எண்ணெயும் உப்பு ஊறிய மசாலாச் சொட்டும் அதன்மேல்தான் விழுகின்றன. நாம் கோழியில் தடவுவது எலுமிச்சையும் கல்லுப்பும் தயிரும். எவர்சில்வர் மேலே இருக்கும் பாதுகாப்புப் படலத்தைப் பொத்தலாக்க உப்பு ஒன்றே போதும். ஆகவே பர்னர் குழாயின் கனத்தை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பித்தளை வார்ப்பு இன்னும் நல்லது, கிடைத்தால். பர்னருக்கு மேலே கூரை மாதிரி சாய்ந்த தகடு இருக்கும். சொட்டும் கொழுப்பு அதில் பட்டுப் புகைந்து மறுபடி கறியில் ஏறுவதுதான் சுட்ட வாசனையில் பெரும் பங்கு. எரிகிற கேஸுக்கென்று தனி வாசனை கிடையாது. எரியும்போது அது கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது, அவ்வளவுதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும் என்று படித்தபோது ஆச்சரியப்பட்டேன். கரியில் சுட்ட மொறுமொறுப்பு கேஸில் கொஞ்சம் குறைவதற்கு அந்த ஈரமும் ஒரு காரணம். கரிதான் ருசி என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

கம்பித் தட்டு விஷயத்தில் வீட்டில் இரண்டு கட்சி. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், கறியில் கோடு அழகாக விழும். கழுவி ஈரத்தோடு விட்டால் மறுநாளே சிவந்துவிடும். வீட்டுக்காரர் இதைச் சொல்லி 304 கம்பி என்றார். தோசைக்கல்லை முப்பது நாற்பது வருடம் பழக்கி வைத்திருக்கும் மாமியாருக்கு இது ஒரு காரணமாகவே படவில்லை. துடைத்து, நல்லெண்ணெய் தடவி வைத்தால் இரும்பு எங்கே போய்விடும் என்றார். வார்ப்பிரும்பு ஜெயித்தது. இன்னொரு ஜோடித் தட்டும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதும் அவர் உத்தரவு. கறி சுட்ட கம்பியில் மக்காச்சோளமோ கத்திரிக்காயோ சுட்டால் அவர் தொடமாட்டார். தனியாகத் தட்டு விற்கிற கம்பெனியாகப் பார்த்தோம். தேடத் தேடத்தான் அதன் அருமை தெரிந்தது: தட்டு தனியாகக் கிடைக்கும் கம்பெனியிடம் பர்னரும் நாபும் பற்றவைக்கும் பொத்தானும் தனியாகக் கிடைக்கின்றன. மற்றதில் ஒரு நாப் உடைந்தால் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்கு.

பணம் கம்மியாகச் செலவழிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. பாத்திரக் கடையில் கிடைக்கும் கனமான வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று, ஜன்னல் கம்பி செய்யும் வெல்டிங் பட்டறையில் 304 கம்பியில் ஒரு தட்டு. எதிர்வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், நன்றாகவே சுடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: பட்டறையில் சல்லிசாக ஜி.ஐ. கம்பியைக் காட்டுவார்கள். அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும், புளிப்பு பட்டாலும் கரையும். சாப்பாட்டுக்கு அடியில் அது வேண்டாம்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். வெயிலுக்குத் தாங்குமா என்று அவர் கேட்காதது எனக்கு வியப்பு. சினம் தணிந்த முருகன் என்பதால் இங்கே சஷ்டிக்குச் சூரசம்ஹாரம்கூடக் கிடையாது, பூ தூவி வணங்குவதுதான். ஆனால் மே மாத வெயிலுக்கு அந்தத் தணிவு தெரியாது. தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவான ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வரும். அந்த வெயிலில் ரப்பர் டியூப் வெடிப்பு விட்டுவிடும், சிலிண்டரை நிழலில்தான் வைக்க வேண்டும். இருந்தாலும் அவர் கேட்ட கேள்வியே சரி. ஏனென்றால் வெயில் காலத்தில் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். மழைக்காலம் வேறு. புரட்டாசியில் பெருமாளுக்காகக் கறி கிடையாது. இங்கிருந்து திருமலை பக்கம் என்பதால் அந்த விரதம் எங்கள் பக்கத்தில் கறாராகவே இருக்கும். ஐப்பசியில் சஷ்டி. கார்த்திகையில் வீட்டில் யாராவது மாலை போட்டுவிடுவார்கள், அது மார்கழி தாண்டிப் போகும். வடகிழக்கு மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். ஆக எங்கள் ஊரில் கிரில் அடுப்பு வருடத்தில் அதிக ஈரமான காலம் முழுவதும் யாரும் தொடாமல் மூலையில் நிற்கும். அமெரிக்காவில் வாராவாரம் பற்றவைக்கிற அடுப்பு தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். நம்முடையது துரு பிடித்து, குழாய்க்குள் பூச்சி புகுந்து, தைப் பொங்கல் முடிந்து மூடியைத் திறக்கும்போதுதான் கதை தெரியும்.

பூச்சி என்று சும்மா சொல்லவில்லை. பர்னர் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டுவது உலகம் முழுக்க கேஸ் கிரில்களின் பெரிய தொல்லை. வலை அடைத்தால் கேஸ் முன்னே போகாமல் பின்னால் நாபுக்கு அடியில் பற்றிக்கொள்ளும். நம் கொல்லையில் சிலந்தியோடு மண்கூடு கட்டும் குளவியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பர்னரைக் கழற்றிப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய முடிகிற மாதிரி இருக்கிறதா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு திருகில் கழன்று வந்தால் அது நல்ல அடுப்பு. ரிவெட் அடித்து மூடியிருந்தால் எத்தனை சலுகை கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியில் நாங்கள் வாங்கியது இரண்டு பர்னர் வைத்த சின்னது. வார்ப்பு அலுமினிய மூடி. எனாமல் பூசிய மூடி சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும், இதில் அந்தப் பயம் இல்லை. பர்னர் 304, பில்லில் எழுதியிருக்கிறது. பார்ப்பதற்கு அண்ணன் மகனுடையதில் கால்வாசிகூட இல்லை, தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். விலையைச் சொல்லமாட்டேன், மாமியாருக்கு நாங்கள் சொன்ன விலை வேறு. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார் வீட்டுக்காரர். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்வாக ஓடித் தண்ணீர் போகும் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுப் பக்கமாகத் தகரக் கூரையின் ஓரத்தில் நிறுத்தினோம். விரத மாதங்களில் வாரம் ஒருமுறை கால் மணி நேரம் வெறுமனே பற்றவைத்து அணைக்கிறேன். சாமிக்குக் குற்றமில்லை, வெறும் தீதானே என்று மாமியாரே அனுமதி கொடுத்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கில் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் கிடந்த பழைய பச்சை டியூபை மாட்டாதீர்கள். கொல்லையில் எலி கடிக்கும். உள்ளே கம்பிப் பின்னல் வைத்த ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் கேஸ் ஏஜென்சியிலேயே கிடைக்கும். அதற்கும் ஆயுள் ஐந்து வருடம்தான், தேதி அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.