மழைக்குப் பயப்படும் பாய்மர வீடுகள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஓர்வெல் ஆற்றங்கரையில் பின் மில் என்று ஒரு சின்ன ஊர். கடலுக்குப் பக்கம் என்பதால் ஆற்றிலும் தண்ணீர் ஏறும், வற்றும். காலையில் மிதந்த படகுகள் மதியம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அவற்றில் சில பெரிய படகுகளின் குழாயிலிருந்து அடுப்புப் புகை வரும். ஆமாம், உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்! கொஞ்சம் தள்ளி, அதே ரகப் படகுகள் விலா எலும்பு மட்டும் மிச்சமாக மக்கிக் கிடக்கின்றன. குடியிருக்கும் படகுக்கும் மக்கும் படகுக்கும் நடுவே சில அடி தூரம்தான்.

இவை தேம்ஸ் பாய்மரப் படகுகள். 80, 90 அடி நீளம், தட்டையான அடிப்பாகம், செங்காவி பூசிய பாய். லண்டனுக்கு வைக்கோலும் செங்கலும் கொண்டுபோய், திரும்பும்போது அந்த நகரத்துக் குதிரைச் சாணத்தை வயலுக்கு ஏற்றி வந்த படகுகள். இவ்வளவு பெரிய படகை ஓட்ட இரண்டு பேர் போதும். லாரி வந்தது, பிழைப்பு போனது. பாயை மட்டும் நம்பிக் கடைசியாகச் சரக்கு ஏற்றிய ‘கேம்ப்ரியா’ 1970-ல் ஓய்வுபெற்றது.

வேலை இழந்த படகுகளைச் சிலர் மலிவாக வாங்கி வீடாக்கினார்கள். அதற்கு வசதியும் உண்டு. தட்டை அடிப்பாகம் என்பதால் தண்ணீர் வற்றினாலும் படகு சாயாமல் நேராக உட்காரும். அடுப்பில் வைத்த பால் கொட்டாது. சரக்கு வைத்த இடம் கல்யாண மண்டபம் மாதிரி நீளமாகக் கிடக்கும்.

சரி, வாங்கியதும் முதலில் எதைப் பழுது பார்ப்பது? எல்லோருக்கும் கை போவது சமையலறைக்கும் பெயின்ட்டுக்கும்தான். ஆனால், மேல்தளம்தான் முதல் வேலை. கடல் தண்ணீரின் உப்பு மரத்தை ஓரளவு காக்கும். மழைத் தண்ணீர்தான் எமன். பலகை இடுக்கில் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மக்கவைக்கும். ஓக் மரத்தின் புளிப்புச் சத்து பட்டு இரும்பு ஆணிகளும் அரித்துப்போகும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் கூரான கம்பியால் குத்திப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். வயதான படகுகளுக்குப் பழைய பலகை மேலேயே இன்னொரு அடுக்குப் பலகை அடிப்பதும் உண்டு. ஒழுகல் நிற்கும். ஆனால், உள்ளே மக்குவது கண்ணுக்குத் தெரியாது.

பலகை இடுக்குகளில் சணல் நாரைத் திணித்துத் தார் பூசுவார்கள். நம் கடற்கரையில் ‘கலப்பத்து’ என்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அடிப்பாகம் என்றால் இன்னும் சிரமம். தண்ணீர் ஏறியிருக்கும்போது படகைக் கட்டைகள் மேல் கொண்டுவந்து நிறுத்தி, வற்றும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பிறகு கிடைப்பது சில மணி நேரம். திரும்பத் தண்ணீர் வருவதற்குள் குனிந்து, படுத்து, சேற்றில் புரண்டு முடித்துவிட வேண்டும்.

பழுது பார்க்காமல் குடியேறினால் என்ன ஆகும்? எழுத்தாளர் பெனிலோப் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்துக்கு அது தெரியும். 1960-களின் தொடக்கத்தில், கையில் காசில்லாமல், மூன்று பிள்ளைகளோடு லண்டன் பேட்டர்ஸீ பக்கம் ‘கிரேஸ்’ என்ற பழைய படகில் வாழ்ந்தார். ஒழுகல் நிற்கவே இல்லை. கடைசியில், 1963-ல், படகு மூழ்கியது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால், உடைமைகளில் பெரும்பகுதி போய்விட்டது. வீடில்லாதவர்களுக்கான தங்குமிடத்தில் இருந்துவிட்டுத்தான் அரசுக் குடியிருப்புக்குப் போனார்கள். அந்த வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘ஆஃப்ஷோர்’ நாவல் 1979-ல் புக்கர் பரிசு பெற்றது. அதைப் படித்துவிட்டுப் படகு வாழ்க்கை மீது ஆசைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. படகு கிடைத்துவிடும், அதைக் கட்டிவைத்துக் குடியிருக்க அனுமதியுள்ள இடம் லேசில் கிடைக்காது. வாடகை, குடிதண்ணீர்க் குழாய், கழிவு அகற்றும் ஏற்பாடு எல்லாம் அந்த இடத்தைப் பொறுத்ததுதான். அதனால் படகைத் தேடும் முன்பே கரையைத் தேடிக்கொள்ளச் சொல்கிறார்கள் அங்கே குடியிருப்பவர்கள்.