கோப்பையில் ஒரு பெயருக்குத்தான் இடமா?

மேற்கு மாம்பலத்தில் ஒரு நடுத்தர வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் கண்டிப்பாக ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். கொலு முடிந்தும் பரணுக்குப் போகாமல் தங்கிவிட்ட நாலு பொம்மைகள், திருப்பதியில் வாங்கிய ஒரு பெருமாள் படம், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கடிகாரம். இதற்கெல்லாம் நடுவில், முலாம் உரிந்துபோன ஒரு குட்டிக் கோப்பை. "பெஸ்ட் ப்ளேயர்" என்று எழுதியிருக்கும். எந்த வருஷம், எந்தப் போட்டி என்பது பாதி அழிந்திருக்கும். பையன் இப்போது ஏதோ ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் அந்தக் கோப்பையைத்தான் காட்டுவார்.

அந்தக் கோப்பையைப் பார்த்தால் ரெண்டு கேள்வி வரவேண்டும். ஒன்று, பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருத்தன் பெயரை மட்டும் எப்படிப் பிரித்து எடுத்தார்கள்? ரெண்டாவது, அவனுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் பெயர் அதில் எங்கே?

முதல் கேள்விக்கு கிரிக்கெட்காரர்களிடம் சுலபமான பதில் இருக்கிறது. மேற்கு மாம்பலம் ராமகிருஷ்ணாபுரத்தில் வளர்ந்த ரவிச்சந்திரன் அஷ்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். ஐ.டி. படித்தவர். டெஸ்டில் 537 விக்கெட். தொடர் நாயகன் விருது 11 முறை, இதில் முரளிதரனுக்குச் சமம். 2014-க்கான அர்ஜுனா விருது, 2016-ல் ஐ.சி.சி.யின் ஆண்டின் சிறந்த வீரர், 2025-ல் பத்மஸ்ரீ. கிரிக்கெட் ஒரு கணக்குப்பிள்ளை விளையாட்டு. ஒவ்வொரு பந்துக்கும் ரசீது உண்டு. அணி தோற்றாலும் ஒருத்தன் எடுத்த ஐந்து விக்கெட் பேப்பரில் நிற்கும்.

கால்பந்தில் அந்த வசதி கிடையாது. கோல் போட்டவன் பெயர் மட்டும் எழுதப்படும். தொண்ணூறு நிமிஷம் எதிரணியின் ஸ்ட்ரைக்கரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே ஓடிய டிஃபெண்டருக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. கோல்கீப்பர் நிலைமை இன்னும் மோசம். பதினைந்து பந்தைத் தடுத்து ஐந்தை விட்டால், ஸ்கோரில் வருவது அந்த ஐந்து மட்டும்தான்!

இப்போது ஒரு சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் டீமை யோசித்துப் பாருங்கள். இருப்பது ஒரே மைதானம், அதிலும் பாதியை கிரிக்கெட் நெட் பிடித்துக்கொள்ளும். அணிக்குப் பதினெட்டு பேர் சேர்ப்பதே பெரிய பாடு. வகுப்புக்கு மட்டம் போட்டதாகக் கணக்கில் வராமல் இருக்க, ஓ.டி. லெட்டரைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக அலைய வேண்டும். அலைபவர் பி.டி. சார். பஸ்ஸுக்குக் கேட்பவரும் அவரே, கிழிந்த வலையைத் தைப்பவரும் அவரே, காயம்பட்டால் ஐஸ் வாங்க ஓடுபவரும் அவரே.

இத்தனை செய்து போட்டிக்குப் போனால்? கல்லூரிப் போட்டிகள் பலவும் நாக்-அவுட். முதல் சுற்றிலேயே பெரிய டீமோடு மோதித் தோற்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு வருஷப் பயிற்சிக்கு ஒரே ஒரு மேட்ச். அந்த மேட்சில் அந்தப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினான் என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்காது. பரிசளிப்பு விழா ஃபைனல் முடிந்துதான் நடக்கும். பெஸ்ட் ப்ளேயர் கோப்பையும் பெரும்பாலும் ஃபைனல் ஆடியவனுக்குத்தான் போகும். முதல் நாளே வீட்டுக்குப் போனவனை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

இது வெறும் வருத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கவுன்சலிங்கிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அங்கெல்லாம் முதலில் கேட்பது சான்றிதழ். எந்த அளவுப் போட்டி, என்ன பதக்கம், என்ன இடம்? நல்ல அணியில் சுமாராக ஆடியவனிடம் அந்தக் காகிதம் இருக்கும். சுமாரான அணியில் நன்றாக ஆடியவனிடம் இருக்காது. ஆகவே, "அணி விளையாட்டில் தனிநபர் விருது எதற்கு, ஈகோவை வளர்க்கவா?" என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்கவேண்டும். ஜெயிக்கிற அணியில் இருப்பவனுக்குத் தனிநபர் விருது ஒரு அலங்காரம். தோற்கிற அணியில் இருப்பவனுக்கு அதுதான் ஒரே சாட்சி.

சரி, ரெண்டாவது கேள்வி. கோச் பெயர் எங்கே?

இந்தியாவில் வீரர்களுக்கு அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. அந்த முதல் வருஷமே கால்பந்துக்கு பி.கே. பானர்ஜி வாங்கிவிட்டார். 1967-ல் பீட்டர் தங்கராஜுக்குக் கிடைத்தது. ஊட்டி பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியின் கோல்கீப்பர் அவர். ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் என்றால் நம்பமுடிகிறதா? 1955-லும் 1958-லும் அந்த அணி டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய இந்திய அணியிலும் தங்கராஜ் இருந்தார்.

அந்தத் தங்க அணியின் கோச் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951 டெல்லியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம், 1962-ல் மறுபடியும் தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் போட்டாரே, அப்போதும் கோச் ரஹீம்தான். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். ரஹீம் 1963-ல் புற்றுநோயால் இறந்துபோனார். கோச்சுகளுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கியது 1985-ல்! இருபத்திரண்டு வருஷம் லேட்.

விருது வந்த பிறகாவது நிலைமை மாறியதா? 1990-ல் சையத் நயீமுதீனுக்குக் கிடைத்தது. 1970-ல் ஆட்டக்காரராக அர்ஜுனா வாங்கியவர், கோச்சாக துரோணாச்சார்யாவும் வாங்கினார். அடுத்த கால்பந்து கோச்சுக்கு அந்த விருது கிடைத்தது 2022-ல், பிமல் கோஷுக்கு. நடுவில் 32 வருஷம். அதன்பின் 2024-க்கான விருது பட்டியலில் கோவாவின் அர்மாண்டோ கொலாசோ.

இதற்கு யாருடைய சதியும் காரணமில்லை, விதிமுறையே அப்படி. துரோணாச்சார்யா என்பது கடந்த சில வருஷங்களில் ஒரு கோச்சின் மாணவர்கள் சர்வதேச அளவில் என்ன சாதித்தார்கள் என்று பார்த்துக் கொடுப்பது. செஸ்ஸில் இது தெளிவாகத் தெரியும். சென்னையில் ஆர்.பி. ரமேஷிடம் கற்ற பிரக்ஞானந்தாவுக்கு 2022-ல் அர்ஜுனா, வைஷாலிக்கு 2023-ல் அர்ஜுனா, அதே 2023-ல் ரமேஷுக்கு துரோணாச்சார்யா. குரு யார், சிஷ்யர் யார் என்று கேள்வியே எழாது. கால்பந்தில் இந்திய ஆண்கள் அணி ஆசிய விளையாட்டில் கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1970-ல். பதக்கத்தை வைத்துத்தான் கோச்சை அளப்போம் என்றால் யாரை அளப்பது? நெடுங்கால உழைப்புக்கென்று அதிலேயே தனிப்பிரிவு வந்ததால்தான் கோஷுக்கும் கொலாசோவுக்கும் கதவு திறந்தது. கல்லூரி மைதானத்து பி.டி. சார் அந்தப் பட்டியலுக்கு இன்னும் பல படி கீழே நிற்கிறார். பல்கலைக்கழக விளையாட்டுக்கென்று 1956-57 முதல் இருக்கும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையும் பல்கலைக்கழகத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல.

விருதின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. துரோணர் அரண்மனைப் பிள்ளைகளின் குரு. காட்டில் தனியாகக் கற்றுக்கொண்ட ஏகலைவன் கதைதான் சின்னக் கல்லூரிப் பையன்களின் கதை. அதிலும் ஒரு வித்தியாசம். இந்த ஏகலைவனுக்கு மண்பொம்மை இல்லாமல் நிஜமாகவே ஒரு குரு இருந்தார். அவர் பெயரைத்தான் யாரும் கேட்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு, ஹெல்மெட்டோடு மோதுகிற ஆட்டம். டி.வி.யில் வரும் பெரிய கல்லூரிகளுக்கு ஹெய்ஸ்மன் கோப்பை என்று 1935 முதல் இருக்கிறது. சின்னக் கல்லூரிகளுக்கு 'டிவிஷன் 3' என்று தனி அடுக்கு. சுமார் 240 கல்லூரிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. விளையாட்டுக்காக ஒரு பைசா ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் சீசனில் ஒவ்வொரு அணிக்கும் பத்து மேட்ச் வரை உண்டு. தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆடலாம். சீசன் முடிந்ததும் ஒவ்வொரு லீக்கிலும் கோச்சுகள் உட்கார்ந்து சிறந்த வீரர்களுக்கு ஓட்டுப் போடுவார்கள். பல லீக்குகளில் சொந்தப் பையனுக்கு ஓட்டுப் போடக்கூடாது. அதாவது எதிரணி கோச்தான் சாட்சி. கடைசி இடத்தில் இருக்கும் அணியின் டிஃபெண்டர்கூட அந்தப் பட்டியலில் வரலாம், ஏனென்றால் அவனைத் தாண்டிப் போக முடியாமல் திணறியவர்களே ஓட்டுப் போடுகிறார்கள்!

டிவிஷன் 3-ன் சிறந்த வீரருக்கு 1993 முதல் கொடுக்கப்படுவது கல்யார்டி கோப்பை. ஆட்டம் மட்டும் போதாது, படிப்பையும் சமூக சேவையையும் பார்ப்பார்கள். ஜான் கல்யார்டி என்பவர் மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 1953 முதல் 2012 வரை கோச்சாக இருந்தவர். மொத்தம் 489 வெற்றி, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அவரைவிட அதிகம் ஜெயித்த கோச் கிடையாது. பயிற்சியில் விசில் ஊதமாட்டார், ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளக்கூடாது, அவரை "கோச்" என்றுகூடக் கூப்பிடக்கூடாது, ஜான் என்றால் போதும். 2018-ல் இறந்தார். பெரிய கல்லூரியின் ஹெய்ஸ்மனும் ஒரு கோச்தான், சின்னக் கல்லூரியின் கல்யார்டியும் ஒரு கோச்தான். கோப்பையை வாங்குவது ஆட்டக்காரன், கோப்பையின் பெயர் கோச்சுடையது. ஒரே பரிசில் ரெண்டு மரியாதை.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், மாம்பலத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் ரொம்பப் பக்கத்திலேயே இருக்கிறது. துரைசாமி சப்வேயைத் தாண்டி, தி.நகரைக் கடந்து நந்தனம் போனால் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-ல் அதை ஆரம்பித்தவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படுவது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியை அழைத்துக்கொண்டு போனவரும் அவர்தான். அவர் படித்தது மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில். 1891-ல் பாஸ்கெட்பால் பிறந்த அதே கல்லூரி. அங்கே 1890-ல் ஃபுட்பால் கோச்சாக இருந்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக் பெயரில்தான் டிவிஷன் 3 இறுதிப்போட்டி நடக்கிறது. ஆக, கோச்சின் பெயரைக் கோப்பையில் எழுதுகிற வழக்கம் வந்த ஊரிலிருந்துதான் இங்கே உடற்கல்வியே வந்தது. பாடம் வந்துவிட்டது, வழக்கம் மட்டும் கப்பல் ஏறவில்லை.

இதை இங்கே கொண்டுவர கோடிக்கணக்கில் செலவாகாது. ரெண்டே ரெண்டு மாற்றம் போதும். ஒன்று, நாக்-அவுட் போட்டியில் ஒவ்வொரு மேட்சும் முடிந்ததும், ஜெயித்த அணியின் கோச் தோற்ற அணியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட்டு ஒரு சான்றிதழ் தரட்டும். முதல் நாளே தோற்று வீட்டுக்குப் போகிறவன் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். எதிரி கொடுத்த சான்றிதழைவிட நம்பகமானது எது? ரெண்டு, எல்லாச் சான்றிதழிலும் ஒரு வரி கூடுதலாக அச்சடிக்கட்டும். "பயிற்சியாளர்: ______". அச்சுக்கூலி கூடாது. இருபது வருஷம் கழித்து ஒரு பி.டி. சார் ஓய்வு பெறும்போது, அவர் பெயர் இத்தனை சான்றிதழில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். துரோணாச்சார்யா கிடைக்கிறதோ இல்லையோ, கணக்கு இருக்கும்.

மாம்பலத்து ஷோகேஸில் இருக்கும் அந்தக் கோப்பைக்கு வருவோருக்கு அம்மா பையன் பெயரைத்தான் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும். அவன் சம்பாதித்தது. ஆனால் அதே நேரத்தில் ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில், அந்தக் கோப்பையைத் தன் வீட்டில் வைக்க இடமோ உரிமையோ இல்லாத ஒருவர், அடுத்த பேட்ச் பையன்களுக்காக ஓ.டி. லெட்டரை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறை வாசலில் காத்துக்கொண்டிருப்பார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கோப்பை இருந்தால், அதன் அடியில் ஒரு சின்னத் துண்டுப் பேப்பரில் அவர் பெயரை எழுதி ஒட்டிவையுங்கள். அதற்கு எந்த விருதுக் கமிட்டியும் கூட வேண்டியதில்லை.