வென்றவர் அழுதார்

சண்டை என்றாலே காத தூரம் ஓடுகிற பிராணி நான். அப்படிப்பட்ட நானும் என் நண்பர் ஒருவரும் முழுசாக ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். காரணம், குத்துச்சண்டை!

நண்பர் என்னைவிட மூத்தவர். ராக்கி மார்சியானோ கட்சி. நான் முகம்மது அலி கட்சி.

"49 சண்டை, 49-லும் ஜயம். தோல்வி என்றால் என்னவென்று தெரியாமலே 1956-ல் விலகிவிட்டார். உம்முடைய அலி ஐந்து முறை தோற்றவர். அப்புறம் என்ன பேச்சு?" என்பார் நண்பர்.

"இரண்டு கைகளையும் விரித்தால் மார்சியானோவுக்கு 68 அங்குலம், அலிக்கு 78. கிட்டே போனால்தானே ஐயா அடிக்க முடியும்?" என்பேன் நான்.

"அந்தக் குட்டைக் கைதான் 43 சண்டைகளை நடுவிலேயே முடித்து வைத்தது!"

இந்த வழக்கை அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டரிடமே கொண்டுபோனார்கள். 1969-ல் மயாமி நகரில் இருவரையும் கோதாவில் இறக்கிப் படம் பிடித்தார்கள். மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. உடம்பை இளைக்க வைத்து, பொய்முடி தரித்து வந்தார். அலிக்கு 27. ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தைப் பறிகொடுத்திருந்த சமயம். முடிவு வெளியே தெரியக்கூடாது என்று பலவிதமான முடிவுகளை நடிக்கச் சொன்னார்கள். அந்த ஆகஸ்டு 31-ல் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். தாம் வென்றோமா, தோற்றோமா என்று அவருக்குத் தெரியாது.

1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடியபோது, 13-ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி வென்றார். ஊருக்கொரு தீர்ப்பு! மனிதர்களோடு பழகிய தோஷம் இயந்திரத்துக்கும் ஒட்டிக்கொண்டது போலும்.

ஆகவே நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "நான் அலியை நேரிலேயே பார்த்தவன், தெரியுமா? 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அன்று!"

"அப்போது அவருக்கு என்ன வயது?"

"முப்பத்தெட்டு."

"அப்படியானால் நீர் பார்த்தது அலியின் நிழலை."

விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன். அத்தனை கோபம் ஏன்? அவர் சொன்னது உண்மை என்பதால்தான். அன்று கூட்டத்தின் ஆரவாரம் என் காதில் இருக்கிறதே தவிர, அவருடைய கால்களின் அந்தப் பேர்பெற்ற வேகத்தை நான் காணவில்லை. காணாததைக் கண்டதாக நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதே 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ் என்பவரிடம் அலி தோற்றார். பத்துச் சுற்றுக்குப் பிறகு, போதும் என்று அவர் பக்கத்தாரே நிறுத்திவிட்டார்கள். ஹோம்ஸ் முன்னாளில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். வென்றவர் அழுதார்.

இதைப் படித்ததும் 1951 ஞாபகம் வந்தது. ஜோ லூயி 1937 முதல் 1949 வரை உலகப் பட்டத்தை வைத்திருந்து, 25 முறை காப்பாற்றியவர். வரிக்கடன் நெருக்கவே, 37 வயதிலும் கோதாவில் நின்றார். எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்தியவர் மார்சியானோ. வீழ்த்திவிட்டு உள்ளே போய் அழுதார்.

கணக்குப் புத்தகத்தில் அதுவும் 49-ல் ஒன்று. ஆனால் தாம் யாரை வென்றோம், எதை வெல்லவில்லை என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரையும் என்னையும்விட அவர்கள் நல்ல நீதிபதிகள்.

மறுநாளே நண்பர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"ராக்கி அழுதது எனக்குத் தெரியும். அவரைப் பெரியவர் என்று நான் சொல்வதே அதற்காகத்தான்" என்றார் பிறகு.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காபி வந்தது, சாப்பிட்டேன். வாசல்படி இறங்கும்போது மட்டும், "இருந்தாலும் 78 அங்குலம், ஐயா!" என்று சொல்லிவிட்டு வந்தேன்.